கயிலை காணக் கால்கள்தாம் வேண்டுமா?

மார்கழித் திருவாதிரை. பொழுது புலர இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. காவிரிக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றின் சிவாலயத்தில், நடராஜப் பெருமானுக்கு அபிஷேகம் நிறைவெய்தி, அலங்காரத்துக்காகத் திரையிட்டிருந்தார்கள். பாலும் பன்னீரும் கலந்த அபிஷேக நீர், அடியவர்களின் ஈரக் கால்களோடு சேர்ந்து கருங்கல் தரையெங்கும் பரவியிருந்தது.

திரை விலகுமுன் பிராகாரத்தை ஒருமுறை வலம் வந்துவிடலாம் என்று எழுந்தார், 71 வயது அம்மையார் ஒருவர். முந்தைய நாள் இரவிலிருந்து உபவாசம். இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கியிருந்தார். எழுந்த வேகத்தில் தலை சற்றே சுழன்றது. ஈரக் கல்லில் பாதம் வழுக்கியது. வலது முழங்கால் தரையில் மோத விழுந்தார்.

அருகில் இருந்த இருவர் கைகளைப் பற்றித் தூக்கி அமர்த்தினார்கள். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றார் அம்மையார். திரை விலகியது, ஆடலரசனைக் கண்குளிரக் கண்டார், திருவாதிரைக் களியும் வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளைப் பற்றியபடி வீடு திரும்பும்போது அவரிடம் மெல்லச் சொன்னார்: "என் பிள்ளையிடம் சொல்லிவிடாதே அம்மா. தெரிந்தால் நாளையிலிருந்து கோயிலுக்கே அனுப்பமாட்டான்."

அவர் முழங்காலில் ஏற்கெனவே பத்து ஆண்டுகளாக மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஆகவே அவர் நொண்டி நடந்ததைப் பார்த்து வீட்டில் எவரும் ஐயப்படவில்லை. "பனிக்காலம் அல்லவா, மூட்டுக்கு ஆகாது" என்றார் மருமகள். அம்மையாரும் அதையே ஆமோதித்தார். இரவில் எவரும் அறியாமல் தைலத்தைச் சூடாக்கி அழுத்தித் தேய்த்துக்கொண்டார். வெந்நீர் ஒத்தடமும் கொடுத்துப் பார்த்தார். வீக்கம் வற்றவில்லை, நாளுக்கு நாள் கூடியது. ஐந்தாம் நாள் காலையில் பூஜை அறையின் நிலைப்படியைத் தாண்டக் காலை உயர்த்த முடியாமல், கதவைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். மகன் கண்டார். உண்மை வெளிவந்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது முழங்கால் சில்லில் விரிசல் இருந்தது. எலும்பு இடம்பெயராதிருந்தது இறைவன் அருள் என்றே சொல்ல வேண்டும். "ஐந்து நாள் ஏன் அம்மா பொறுத்துக்கொண்டீர்கள்?" என்று மருத்துவர் வினவினார். "பழைய வலிதான் என்று நினைத்தேன், ஐயா" என்றார் அம்மையார். ஆனால், பத்து ஆண்டு பழகிய வலி எது, புதிதாக வந்த வலி எது என்பது அவர் உள்ளத்துக்குத் தெரிந்தேதான் இருந்தது.

பழைய வலியும் புதிய வலியும்

முழங்கால் மூட்டில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. முன்புறம் காவலாக நிற்பது சில்லு. எலும்புகளின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு, வயது ஏற ஏறத் தேய்வதையே மூட்டுத் தேய்மானம் என்கிறோம். இரு எலும்புகளுக்கும் இடையே மெத்தைபோல் அமைந்த பிறைவடிவக் குருத்துகளும் வலுவிழக்கின்றன. வலிக்கு அஞ்சிக் காலை அதிகம் பயன்படுத்தாததால் தொடையின் முன்தசை மெலிகிறது. முதுமையில், சிறப்பாகப் பெண்களுக்கு, எலும்பின் அடர்த்தியும் குறைகிறது.

இத்தகைய மூட்டு தரையில் மோதும்போது, இளமையில் சிராய்ப்போடு போயிருக்கும் அடி, முதுமையில் எலும்பு விரிசலாகவோ, குருத்துக் கிழிசலாகவோ, தசைநார் அறுபடுவதாகவோ ஆகக்கூடும். மெலிந்த தசையால் மூட்டைத் தாங்கிப் பிடிக்க இயலாது. அடர்த்தி குறைந்த எலும்பால் அடியைத் தாங்கிக்கொள்ளவும் இயலாது.

எனினும் முதியோரை ஏமாற்றுவது அடியின் கடுமையன்று. பழைய வலியின் பழக்கமே. தேய்மான வலி மெல்ல வந்து, நடந்தால் கூடி, ஓய்வெடுத்தால் குறையும். காலையில் எழுந்ததும் சற்று நேரம் மூட்டு விறைத்திருந்து, பிறகு இளகும். விழுந்ததால் வரும் வலி அப்படியன்று. அது குறிப்பிட்ட ஒரு நாளில், ஒரு நொடியில் பிறந்தது. ஓய்விலும் விடாது, ஓரிடத்தைத் தொட்டால் சுள்ளென்று குத்தும். அடிபட்ட சில மணி நேரத்திலேயே மூட்டு உப்பிவிட்டால், உள்ளே இரத்தம் கசிந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே, "எனக்கு எப்போதும் இருக்கும் வலிதானே" என்ற சொல்லை விழுந்த பிறகு சொல்லாமல் இருப்பதே அறிவுடைமை.

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1990-களில் முழங்கால் அடிக்கென வகுத்த விதி ஒன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. எவருக்கெல்லாம் எக்ஸ்ரே தேவை என்பதை அது சொல்கிறது. சில்லைத் தொட்டால் வலிப்பது, முழங்காலின் வெளிப்புறத்தில் சற்றுக் கீழே உள்ள எலும்பு முனையைத் தொட்டால் வலிப்பது, காலைச் செங்கோணமாக மடக்க இயலாமை, நான்கு அடி எடுத்து வைக்க இயலாமை ஆகியவை அவ்விதியில் உள்ள அறிகுறிகள். இவற்றோடு வயதும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 55 வயதைக் கடந்தவருக்கு முழங்காலில் அடிபட்டால், அந்த வயது ஒன்றே எக்ஸ்ரே எடுக்கப் போதுமான காரணம். "நடக்க முடிகிறதே, படம் எதற்கு?" என்று முதியோர் கேட்க வேண்டியதில்லை. அந்த அம்மையாரும் ஐந்து நாள் நடந்துகொண்டுதான் இருந்தார்.

காலம் தாழ்த்தக் கூடாத அறிகுறிகள்

காலை ஊன்றவே முடியாமை, நேராக நீட்டிய காலைப் படுக்கையிலிருந்து உயர்த்த இயலாமை, மூட்டு ஒரு நிலையில் பூட்டியதுபோல் நின்றுவிடுதல், கால் வடிவம் மாறிக் காணப்படுதல், பாதம் மரத்தோ குளிர்ந்தோ போதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விழுந்தபின் முழங்காலில் வலி இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். ஆனால் முறிந்திருப்பது இடுப்பு மூட்டாக இருக்கும். இடுப்பின் வலி முழங்காலில் தெரிவதுண்டு. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் அவரை எழுப்பி நடக்கவைக்கக் கூடாது. படுத்த நிலையிலேயே வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைப்பதே முறை.

இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்காகவோ இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள், அடி சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு மூட்டினுள் இரத்தக் கசிவு எளிதில் நேரும். விழும்போது தலையிலும் பட்டிருந்தால் தாமதம் கூடவே கூடாது. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு முறிந்திருக்கிறதா என்பதைப் படம் எடுத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

எவரேனும் விழுந்தால் உடனே ஓடிச் சென்று அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது நம் வழக்கம். அன்பின் செயல்தான் எனினும், அது அடியைப் பெரிதாக்கக்கூடும். முதலில் இரண்டொரு நிமிடம் அப்படியே இருக்கவிட்டு, எங்கே வலி, தலையில் பட்டதா, கால் விரல்களை அசைக்க முடிகிறதா என்று கேட்க வேண்டும். இயலுமானால் ஒரு நாற்காலியை அருகில் கொண்டுவந்து, நல்ல காலை ஊன்றி அவரே மெல்ல எழுமாறு துணை நிற்க வேண்டும்.

அடிபட்ட காலுக்கு ஓய்வு கொடுத்து, தலையணை மீது சற்று உயர்த்தி வைக்கலாம். ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம்வரை ஒத்தடம் கொடுத்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்கள் தோலைக் கவனித்துக்கொண்டே செய்ய வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வெந்நீர் ஒத்தடமும் தைலம் தேய்த்து நீவுவதும் கூடாது. பழைய மூட்டு வலிக்கு இதமளிக்கும் அதே சூடு, புது அடியில் இரத்த ஓட்டத்தைப் பெருக்கி வீக்கத்தைக் கூட்டும். எலும்பு முறிந்திருக்கிறதா என்று படம் எடுத்து அறியுமுன் காலை இழுத்து நீவுவதும் கட்டுப் போடுவதும் ஆபத்து. வீட்டில் எஞ்சியிருக்கும் வலி மாத்திரையை எடுத்து விழுங்குவதும் வேண்டாம். வலி மாத்திரைகளுள் பல, சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிப்பவை. இரத்த அழுத்தத்தை உயர்த்துபவை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும், பத்து நாளில் வலி குறையாவிட்டாலோ, நடக்கையில் மூட்டு வழுகுவதுபோல் இருந்தாலோ மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும். மயிரிழை விரிசலும் குருத்துக் கிழிசலும் முதல் படத்தில் தெரியாமல் போவதுண்டு, ஸ்கேன் தேவைப்படலாம்.

ஓதுவார் சொன்ன சேதி

அம்மையாருக்குக் கால் மடங்காதபடி பட்டை கட்டினார்கள். ஆறு வாரம் வீட்டில் இருக்கும்படி மருத்துவர் சொன்னார். மகனோ, "இனிக் கோயிலும் வேண்டாம், குளமும் வேண்டாம். எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கும்பிடு அம்மா" என்று முடித்துவிட்டார். அவர் சினத்துக்கு அடியில் இருந்தது அச்சம். அம்மையாருக்கு எலும்பின் வலியைவிட அந்தச் சொல்லின் வலி பெரிதாக இருந்தது.

ஒருநாள் மாலை அவ்வூர்க் கோயிலின் ஓதுவார் நலம் விசாரிக்க வந்தார். "கோயிலுக்கு வர முடியாத காலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன், ஐயா" என்று அம்மையார் கண் கலங்கினார். ஓதுவார் அப்பர் பெருமானின் கயிலை யாத்திரையை நினைவூட்டினார்.

பெரியபுராணம் போற்றும் வரலாறு அது. திருக்காளத்தியைத் தரிசித்த திருநாவுக்கரசருக்குக் கயிலையைக் காணும் வேட்கை எழுந்தது. முதிர்ந்த வயதில் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். காசியைக் கடந்தபின் துணையின்றித் தனியே நடந்தார். நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தாவிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார். மார்பும் நைந்தது, உடலைப் புரட்டிப் புரட்டிச் சென்றார். அதுவும் இயலாமல் அசைவற்றுக் கிடந்தபோது, முனிவர் வடிவில் பெருமான் எதிரே வந்தார். மானிட உடலோடு கயிலையை அடைய இயலாது, திரும்பிச் செல்க என்றார். காணாமல் திரும்பேன் என்றார் அப்பர். முனிவர் மறைந்தார், வானிலிருந்து அவரைப் பெயர் சொல்லி எழுப்பும் குரல் கேட்டது. அடியார் உடலின் ஊறுகள் யாவும் நீங்கி எழுந்தார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னது இறைவாக்கு. மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். ஐயாறே கயிலையாகக் காட்சி தந்தது. யானையும் அதன் துணையும், கோழியும் அதன் பெடையும் என எதிர்ப்பட்ட உயிரெல்லாம் சிவமும் சக்தியுமாகத் தோன்றின.

"அம்மா, கால் தேய்ந்து போனவரைப் பார்த்து, ஏன் வந்து சேரவில்லை என்று பெருமான் கேட்கவில்லை. கயிலையையே ஐயாற்றுக்குக் கொண்டுவந்தார். இன்னொன்றும் கவனியுங்கள். முதலில் உடம்பைச் சரிசெய்தார். பிறகுதான் காட்சி கொடுத்தார். அடியார் உடம்பு அவருக்கு அற்பமானது அல்ல" என்றார் ஓதுவார்.

சற்று நேரம் மௌனமாக இருந்த அம்மையார், "விழுந்ததை மறைத்துவிட்டேன் ஐயா" என்றார். "அதற்கும் அப்பர் பெருமானே வழிகாட்டுகிறார். சூலை நோய் வயிற்றைப் பிடித்தபோது அவர் மறைத்தாரா? தமக்கை திலகவதியாருக்கு ஆளனுப்பிச் சொன்னார். சொன்னதால் அல்லவா திருவதிகைக்கு வழி திறந்தது?" என்றார் ஓதுவார். கதவருகில் நின்ற மகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு தாயிடம் வந்து, "இனி விழுந்தால் என்னிடம் சொல் அம்மா. நான் கோயிலைத் தடுக்கமாட்டேன்" என்றார்.

முதியோர் விழுந்ததை மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வலியைப் பற்றிய அறியாமை அன்று; சொன்னால் தம் நடமாட்டம் பறிபோகும் என்ற அச்சமே. பிள்ளைகள் இதை உணர வேண்டும். விழுந்த பெற்றோரை வீட்டோடு நிறுத்திவிட்டால் தசை மேலும் மெலியும். மெலிந்த கால் மீண்டும் வழுக்கும். அச்சத்தால் முடங்குவதே அடுத்த வீழ்ச்சிக்குக் காரணமாகிறது.

மீண்டும் நடப்பதற்கு

பட்டை நீக்கியபின் இயன்முறை மருத்துவர் அம்மையாருக்கு எளிய பயிற்சி ஒன்றைக் கற்பித்தார். படுக்கையில் காலை நீட்டி, முழங்காலின் கீழ்ச் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தித் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்து முறை. அம்மையார் எண்களுக்குப் பதிலாக ஐந்தெழுத்தைச் சொன்னார். பயிற்சியும் ஆயிற்று, ஜபமும் ஆயிற்று. எலும்பு முறிந்தவர்கள் எப்போது இதைத் தொடங்கலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

கைத்தடியை நோயுற்ற காலின் பக்கமே பிடிப்பவர் பலர். அது தவறு. வலது முழங்கால் நோயுற்றதெனில் தடி இடக்கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் பளு பகிரப்படும். கையைத் தொங்கவிட்டு நிற்கையில், தடியின் பிடி மணிக்கட்டின் உயரத்தில் இருப்பது சரியான அளவு. அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே செல்லட்டும். இறங்கும்போது தடியும் நோயுற்ற காலும் முன்னே செல்லட்டும். சுவாமிமலையின் 60 படிகளுக்கும் வீட்டு வாசலின் மூன்று படிகளுக்கும் இந்த ஒரே விதிதான்.

எலும்பின் அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது. படுத்திருக்கும் நாட்களில் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென மூச்சுத் திணறினால் 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக் கட்டி உருவாகியிருக்கக்கூடும்.

ஆலயத்திலும் இல்லத்திலும்

அபிஷேகம் முடிந்த உடனே ஈரத் தரையில் வலம் வர வேண்டாம்; தரையைத் துடைத்தபின் செல்லலாம். விளக்கேற்றும் இடத்தில் எண்ணெய் சிந்தியிருக்கும். அங்கே பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டும். உபவாச நாட்களில் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை எப்படி உண்பது என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அமர்ந்த நிலையிலிருந்து எழுமுன் சிறிது நேரம் காலை அசைத்துவிட்டு, தூணையோ சுவரையோ பற்றி எழுவது நன்று. புடவையின் கொசுவமும் வேட்டியின் கரையும் தரையில் புரளாதிருக்கட்டும்.

இல்லத்தில் குளியலறைக்கும் பூஜை அறைக்கும் இடைப்பட்ட வழியே பலரும் வழுக்கும் இடம். நீராடிய ஈரக் காலோடு விரைய வேண்டாம். குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும், இரவில் சிறு விளக்கு எரியவிடுவதும் பெருஞ்செலவு அல்ல.

தரையில் விழுந்து வணங்க இயலாதவர் நின்றபடியோ நாற்காலியில் அமர்ந்தபடியோ கைகூப்பினால் அது குறைந்த வழிபாடு ஆகாது. திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்கு எழுந்தருளும் பொருட்டு, பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கையே வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் செய்தவர் சிவபெருமான். மலைக்கோயில்களிலும் இன்று வசதிகள் உண்டு. பழநியில் விஞ்சும் ரோப் காரும் முதியோரை ஆண்டவன் சந்நிதிக்கு அழைத்துச் செல்கின்றன. அவற்றில் ஏறக் கூச்சப்படுவதில் பக்திக்கு ஒரு லாபமும் இல்லை.

ஆடி அமாவாசையன்று

மாசியில் அம்மையார் வீட்டுக்குள் தடியூன்றி நடந்தார். பங்குனி உத்திரத்தன்று உள்ளூர்க் கோயிலுக்குச் சென்றார். மூட்டுத் தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. நெடுநேரம் நின்றால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் எது பழைய வலி, எது புதியது என்பதை இப்போது வீட்டில் வாய்விட்டுச் சொல்கிறார்.

திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று அப்பருக்குக் கயிலைக் காட்சி அருளிய விழா நடைபெறுகிறது. அவ்வாண்டும் அம்மையார் சென்றார். இடக்கையில் தடி; வலப்புறம் மகன்; மகனின் தோளில் மடக்கு நாற்காலி. கூட்டத்துக்குச் சற்று ஒதுக்கமாக நாற்காலியை விரித்துத் தாயை அமர்த்திவிட்டு, அவர் பின்னால் நின்றுகொண்டார்.

தீபாராதனை காட்டினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்மையாரும் எழ முயன்றார். மகன் அவர் தோளில் மெல்லக் கைவைத்து, "உட்கார்ந்தே கும்பிடு அம்மா, இங்கிருந்தே தெரிகிறது" என்றார். தெரியத்தான் செய்தது.